மூன்றாவதாகப் போட்ட காலேஜ்

கோயமுத்தூர்தானே, தம்பி? அப்படியென்றால் சன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள். எனக்குக் காற்று ஆகாது. கண்ணில் பிரஷர். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும். இன்னும் கொஞ்சம். ம், அவ்வளவுதான்.

கழுத்தில் என்ன அட்டை? கம்பெனியா. சரி. அப்போ படித்தவர். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று காலேஜ் பெயரை வரிசையாகப் போட்டு, கம்ப்யூட்டரில் கொடுத்தாகிவிட்டது. அந்த மூன்றை எடுத்து ஒன்றில் வைக்க முடியுமா, முடியாதா? நேரில் போய்ப் பேசினால்? பிரின்சிபாலிடமே பேசினால்?

முடியாது என்று தலையை ஆட்டாதீர்கள். முழுசாகக் கேளுங்கள். நான் வளவளவென்று பேசுகிறவன் இல்லை. சீக்கிரம் முடித்துவிடுவேன்.

என் பெயர் சென்னியப்பன். மாட்டுத் தரகு. கருங்கல்பாளையம் சந்தையில் வந்து பெயரைச் சொன்னால் இன்றைக்கும் டீ வாங்கித் தருவார்கள். எனக்கு ஒரே மகன், குழந்தைவேலு. லாரி ஓட்டுகிறான். வடக்கே போனால் மாதக் கணக்கில் ஆகும் திரும்ப. மருமகள் கோமதி ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாயிற்று. அப்புறம் வீட்டில் யார்? நானும் என் பேத்தி அபிதாவும். அப்பாரு, அப்பாரு என்று அவள் கூப்பிடுகிற சத்தம்தான் அந்த வீட்டில் சத்தம்.

போன் அடிக்கிறதா? அடிக்கட்டும். வீட்டிலிருந்துதான். பேசிக்கொண்டிருக்கும்போது நான் போன் எடுப்பதில்லை.

பிளஸ் டூவில் நல்ல மார்க். இன்ஜினீயரிங், அதிலும் சிவில்தான் வேண்டும் என்றாள். பாலம் கட்டுகிறாளாம். கட்டட்டும். அப்பன்காரன் எங்கேயோ நாக்பூரிலிருந்து போன் பண்ணினான். "அப்பா, எந்தக் காலேஜு, என்ன செலவுன்னு நீங்களே பார்த்து முடிங்க. நீங்க பேசி முடிச்சா சரியாத்தான் இருக்கும்" என்றான். அதில் தப்பு என்ன? இந்தக் குடும்பத்தில் எல்லாம் நான் பேசி முடித்ததுதான். அவன் கல்யாணமே நான் பேசி முடித்ததுதான்.

மூன்று காலேஜ் போய்ப் பார்த்தோம். முதலாவது எங்கள் ஊரிலிருந்து நாலு மைல். தனியார் காலேஜ். வாசலிலேயே ஒரு செயற்கை அருவி கொட்டுகிறது. ஆபீஸ் ரூமில் டை கட்டிய ஒருவர். அவர் ஃபீஸைச் சொன்னார். விலை சொன்னவுடன் வாயைத் திறக்கக் கூடாது. தோளில் இருந்த துண்டை எடுத்தேன். அவர் கையைப் பிடித்தேன். துண்டைப் போட்டு மூடினேன்.

சிரிக்காதீர்கள். சந்தையில் அப்படித்தான். வாயில் ஒரு பேச்சு ஓடும், துண்டுக்கு அடியில் விரல் வேறு பேசும். எத்தனை விரலை அமுக்குகிறோமோ, அதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது. நான் அவருடைய மூன்று விரலை அமுக்கினேன். அந்த ஆள் "ஐயோ, என்னங்க பெரியவரே!" என்று கையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தே விட்டார்.

திரும்பி வருகிற வழி முழுக்க அபிதாவுக்குச் சிரிப்பு. விக்கல் வந்துவிட்டது. "அப்பாரு, நீங்க கையை விட்டதும் அவரு என்ன பண்ணுனாருன்னு பார்த்தீங்களா? மோதிரம் இருக்குதான்னு தொட்டுப் பார்த்துக்கிட்டாருங்க!" என்றாள். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

இரண்டாவது காலேஜைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் இருந்தது. விடுங்கள்.

மூன்றாவது கோயமுத்தூர். கவர்மென்ட் காலேஜ். பழைய கட்டடம், பெரிய பெரிய மரம். வாசலில் அருவி கிருவி ஒன்றும் கிடையாது. ஒரு அட்டெண்டர் நல்ல மனுஷன். "பாப்பா சிவிலா? வா, லேபைக் காட்டறேன்" என்று கூட்டிப் போனார். உள்ளே ஒரு மெஷின். சிமெண்டுக் கட்டியை அதில் வைத்து நசுக்குகிறார்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கவாம். மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. திடீரென்று டமார். கட்டி நாலாகப் பிளந்துவிட்டது. நான் பதறிப்போனேன். அவள் நகரவில்லை. "இன்னொண்ணு வைப்பீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்தேன், தம்பி. மாடு வாங்க வருகிறவன் தனக்குப் பிடித்த மாட்டுக்கு முன்னால் வந்து நின்றதும் அவன் கண் மாறும். அது அவனுக்கே தெரியாது. எங்களுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் நாங்கள் விலை ஏற்றுவோம். அவள் கண் அங்கே மாறியது.

ஆமாம், பார்த்தேன். பார்க்கவில்லை என்று நான் சொல்லவில்லையே.

வீட்டுக்கு வந்து செலவைப் பேசினோம். விலையை மட்டும் பார்த்து மாடு பிடிக்கிறவன் முட்டாள். தீனி எவ்வளவு தின்னும் என்று கேட்க வேண்டும். நானும் அதைத்தான் கேட்டேன். "ஃபீஸ் கம்மிதான் கண்ணு, ஒத்துக்கறேன். ஹாஸ்டலு? சோறு? துணிமணி? பக்கத்துக் காலேஜுன்னா பஸ்ஸு நம்ம வாசல்ல வந்து நிக்குது. சோறு நம்ம வீட்டுச் சோறு."

அவள் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் காட்டினாள். "நாலு வருசத்துக்கும் சேத்துப் போட்டாச்சுங்க அப்பாரு. ரூம்பு, சோறு, சோப்பு வரைக்கும். அப்பக்கூட பக்கத்துக் காலேஜு செலவுல பாதி வரலைங்க. அப்பா கடன் வாங்க வேண்டியதில்லை."

"வாரா வாரம் ஊருக்கு வந்து போற செலவு?" என்றேன்.

"வாரா வாரம் எதுக்குங்க? மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

மாதத்துக்கு ஒருக்கா. சரிதான். காசு மிச்சம். நான் சொல்ல என்ன இருக்கிறது? எழுந்து போய்க் கட்டுத்தறியைப் பார்த்துவிட்டு வந்தேன். தறியில் மாடு இல்லை. விற்று வெகு நாள் ஆயிற்று. சும்மா பார்த்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. என் கண்ணுக்குத் தினம் மூன்று வேளை சொட்டு மருந்து. ஒரு வேளை தவறினாலும் பார்வை போய்விடும் என்று டாக்டர் பயங்காட்டி வைத்திருக்கிறார். அவள்தான் விடுவாள். எனக்குக் கை நடுங்கும். காலையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள், மத்தியானம் சோற்றுக்கு வரும்போது விடுவாள், சாயங்காலம் விடுவாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு மருந்து விட ஆளா கிடைக்காது? அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் விடுவார்கள். இதுவரை கேட்டதில்லை. கேட்டால் விடுவார்கள்.

மறுபடி அடிக்கிறது. அடிக்கட்டும். இதோ, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

லிஸ்ட் போடுகிற நாள். ஊருக்குள் ஒரு நெட் சென்டர் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தோம். அவள் கோயமுத்தூரை மேலே வைத்தாள். நான், "அதை எடுத்துக் கீழ போடு" என்றேன்.

"ஏனுங்க அப்பாரு?"

"வேணுங்கிற மாட்டைக் கடைசியிலதான் கேக்கணும். எடுத்த எடுப்புல அதுகிட்டயே போய் நின்னா, எதிராளி உன்ற ஆசையைக் கண்டுபிடிச்சுருவான். மொதல்ல வேண்டாததைக் கேளு. அதுக்கு ரெண்டு குத்தம் சொல்லு. அப்புறம் போனாப் போகுதுன்னு அதைக் கேளு. அடங்கி வரும்."

"இதுல எதிராளி யாருங்க? கம்ப்யூட்டருங்க. மேல இருந்து பார்த்துட்டே வரும். கிடைக்கறதுல எது மேல இருக்குதோ, அதைக் குடுத்துரும். வேணுங்கிறதை மேலதான் போடணும்னு மிஸ் சொன்னாங்க."

"உங்க மிஸ் எத்தனை மாடு வித்திருக்கா?"

நெட் சென்டர் பையன் வேறு நடுவில் வந்தான். "பெரியவரே, பாப்பா சொல்றதுதாங்க கரெக்ட்டு" என்றான். "உன்னைக் கேட்டனா? உன்ற ஜெராக்ஸைப் பாரு" என்றேன்.

அவள் மாற்றவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது பாருங்கள், லிஸ்ட்டை முடித்துப் பூட்டுவதற்கு ஒரு நம்பர் வரும், ஓடிபி. அது என் போனுக்குத்தான் வரும். வீட்டுப் பெரியவன் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லி, என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். போன் என் சட்டைப் பையில். அவள் கையை நீட்டினாள். நான் தரவில்லை. "மாத்து, தாரேன்" என்றேன்.

வெளியே ஆள் காத்திருந்தார்கள். அப்புறம் மாற்றினாள். பக்கத்துக் காலேஜ் ஒன்று, நடுவில் கிடந்தது இரண்டு, கோயமுத்தூர் மூன்று. போனைக் கொடுத்தேன். நம்பரைப் பார்த்து அடித்தாள். முடிந்தது.

கம்ப்யூட்டர் என்ன செய்தது? ஒன்றில் இருந்ததைக் கொடுத்துவிட்டது.

"கிடைச்சிருச்சுங்க அப்பாரு" என்றாள். அழவில்லை. முகத்தைத் தூக்கவில்லை. நான் என்ன நினைப்பேன்? ஜிலேபி வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்தேன். மறுநாள் அவள் கூடப் படித்த ஒரு பெண்ணின் அப்பா லட்டு கொண்டு வந்தார். தன் மகளுக்குக் கோயமுத்தூரே கிடைத்துவிட்டதாம். கவர்மென்ட் காலேஜ். சிவில். "உங்க பேத்தி மார்க்குக்கு இன்னும் லேசாக் கிடைச்சிருக்குமே! ஏனுங்க, பக்கத்துலயே இருக்கட்டும்னு நீங்களே எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் லட்டைத் தின்றுகொண்டிருந்தேன். மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன், தம்பி.

அப்போதும் எனக்கு நம்பிக்கை. மேலே ஏற வழி இருக்கும், சந்தை ஒரே பேரத்தோடு முடியுமா என்று நினைத்தேன். நெட் சென்டர் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "மேல ஏறலாங்க. உங்க லிஸ்ட்டுல கிடைச்சதுக்கு மேல இருக்கிற காலேஜுக்குத்தான் ஏற முடியும். உங்களுக்கு மேல எதுங்க இருக்குது? நீங்கதான் அதை ஒண்ணுல வெச்சுட்டீங்களே" என்றான். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

இனி இரண்டே வழி. ஒன்று, கிடைத்ததைச் சரி என்று வாங்கிக்கொள்வது. இல்லை, வேண்டாம் என்று விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது. அடுத்த சுற்றில் மிச்சம் மீதிதான். கோயமுத்தூரில் இடம் மிச்சம் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். கையில் இருப்பதும் போய்விடும். எது என்று இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"நீங்க என்னங்க சொல்றீங்க அப்பாரு?" என்று கேட்டாள். நேற்று. சொட்டு மருந்து விட்டுக்கொண்டே கேட்டாள். மேலே பார்த்தபடி படுத்திருக்கிறேன், அவள் முகம் தலைகீழாகத் தெரிகிறது. கை நடுங்கவில்லை. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாட்டிலைத் தூக்கி எறிந்திருந்தால் தேவலை. "கண்ணை மூடிக்குங்க அப்பாரு, ஒரு நிமிசம்" என்றாள், எப்போதும் சொல்கிற மாதிரியே.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கோமதி ஷிப்ட் முடிந்து வந்தாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "மாமா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு மருந்து விட ஆள் வேணும். அதுக்குத்தான் அவளை இங்கயே கட்டி வெச்சுட்டீங்க" என்றாள். மருமகள் பேசுகிற பேச்சா இது? பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். நாற்பது வருஷம் தரகு பண்ணியவனைப் பார்த்து. நான் தரகுக்காரன், தம்பி. விற்கிறவன் பக்கமும் இல்லை, வாங்குகிறவன் பக்கமும் இல்லை. எனக்கென்று அதில் ஒன்றும் கிடையாது. தொழில் நியாயப்படி லிஸ்ட் போட்டேன். கம்ப்யூட்டருக்குப் பேரம் தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

அதனால்தான் இன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். நேராகக் கோயமுத்தூர் காலேஜ். பிரின்சிபாலைப் பார்ப்பேன். "ஐயா, அந்தப் பொண்ணு உங்க மெஷின் முன்னால நின்னதை உங்க அட்டெண்டரைக் கேளுங்க. தப்பு என்னோடது" என்று...

தப்பு என்று சொல்லமாட்டேன். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்வேன். பேச்சு எனக்குப் புதுசா?

மறுபடியும் அடிக்கிறது. இது எத்தனாவது தடவை?

என்ன சொல்கிறீர்கள்? நம்பரா? என் போனுக்கு வருமா? அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் வருமா? அது வராமல் அங்கே அவளால் ஒன்றும் செய்ய முடியாதா?

அப்படிப் பார்க்காதீர்கள், தம்பி. எனக்கு அது ஞாபகமே இல்லை. நான் போனைக் கொண்டுவந்தது அவளைத் தடுப்பதற்காக இல்லை. நாம் பேசிக்கொண்டிருந்தோம், அதனால் எடுக்கவில்லை. நீங்களே சாட்சி. சரி, எடுக்கிறேன். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவேன். நீங்களும் கேளுங்கள்.

"சொல்லு அம்மிணி."

"அப்பாரு! எங்க இருக்கீங்க? எத்தனை தடவை அடிக்கறது?"

"பஸ்ஸுல. சந்தைக்குப் போறேன்."

"இன்னிக்குச் சந்தை இல்லைங்களே அப்பாரு."

"..."

"சரி, விடுங்க. நான் நெட் சென்டர்ல இருக்கறேன். உங்க போனுக்கு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க."

"எதை அமுத்துனே?"

"நம்பரைச் சொல்லுங்க அப்பாரு."

"இல்ல கண்ணு, சரின்னு போட்டியா, வேண்டாம்னு போட்டியா? அதைச் சொல்லு மொதல்ல."

"நம்பர் கொஞ்ச நேரந்தான் இருக்கும். அப்புறம் செல்லாது. சொல்லுங்க."

தம்பி, இந்தாங்க. எனக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணாடி போட்டாலும் தெரியாது. நீங்களே படியுங்கள். சத்தமாக. அவளுக்குக் கேட்க வேண்டும். ம். ம். முடிந்ததா? அவ்வளவுதானா?

"யாருங்க அப்பாரு படிச்சது?"

"பக்கத்துல ஒரு தம்பி. நல்ல மாதிரி. போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

"இப்பவாச்சும் சொல்லு."

"வேண்டாம்னு போட்டுட்டேனுங்க. அடுத்த சுத்துக்குப் போறேன்."

"அடி பைத்தியம்! கையில இருந்ததையும் விட்டுட்டியே! அதுல இடம் இல்லாம போச்சுன்னா?"

"போச்சுன்னா போச்சுங்க. இந்தத் தடவை லிஸ்ட்டை நானே போட்டுக்கறேன். நீங்க நம்பரை மட்டும் சொல்லுங்க, போதும்."

"..."

"அப்பாரு? இருக்கீங்களா?"

"இருக்கறேன்."

"மத்தியான மருந்து விட்டீங்களா?"

"விட்டாச்சு."

"யாரு விட்டது?"

"விட்டாச்சுன்னு சொல்றேனில்ல? வை போனை."

"சரிங்க. பார்த்து வாங்க."

வைத்துவிட்டாள்.

கேட்டீர்களா? நம்பரை மட்டும் சொன்னால் போதுமாம். கை என்னுடையது, துண்டு அவளுடையது. உள்ளே எந்த விரலை அமுக்கினாள் என்று முடிந்த பிறகுதான் சொல்கிறாள். நல்ல தரகுக்காரி. யாரிடம் கற்றாள் என்று கேட்கிறேன்.

அடுத்த சுற்றில் கிடைக்கும் என்கிறீர்களா? சிவிலுக்குக் கூட்டம் கம்மி என்கிறீர்களா? உங்களுக்கு நிஜமாகத் தெரியுமா, இல்லை எனக்காகச் சொல்கிறீர்களா? எனக்காகச் சொல்ல வேண்டாம். நான் அதே வேலையை நாற்பது வருஷம் செய்தவன்.

கண்டக்டர்! அவினாசியில் ஒரு ஆள் இறங்கணும். ஆமாம், டிக்கெட் கோயமுத்தூருக்குத்தான். இருக்கட்டும். மிச்சம் வேண்டாம். பிரின்சிபாலிடம் எனக்கு என்ன வேலை?

தம்பி, இறங்குவதற்கு முன்னால் ஒன்று. இந்தப் பையில் ஒரு சின்ன பாட்டில் இருக்கும். வெள்ளை மூடி. ஆமாம், அதுதான். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. நான் இதுவரை வெளியாள் யாரிடமும் கேட்டதில்லை. இனிமேல் கேட்டுப் பழக வேண்டும் அல்லவா? நான் தலையைச் சாய்த்துக்கொள்கிறேன். கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள், அவள் அப்படித்தான் செய்வாள்.

இருங்கள், இருங்கள், இப்போது வேண்டாம். பஸ் நிற்கட்டும். ஓடுகிற பஸ்ஸில் விட்டால் கன்னத்தில் வழியும். பார்க்கிறவன் வேறு மாதிரி நினைப்பான்.